‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர், சென்னையில் கிட்டார் பழுதுபார்ப்பும் செட்டப்பும் (வாசிக்க வசதியாகத் திருத்திச் சரிசெய்வது) தொழிலாகச் செய்பவர்.

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 29. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வார இறுதியில் லைட் மியூசிக் குழு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கிறார். பெரும்பாலும் ரிசப்ஷன் கச்சேரிகள், எப்போதாவது கோயில் திருவிழா. கல்லூரிக் காலத்தில் வாங்கிய, பெயர் அழிந்துபோன ஒரு கிட்டாரைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். புதிதாக வாங்க 90,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். கூட ஐந்தாயிரம் புரட்ட முடியும் என்கிறார்.

அவர் முன்னால் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன. முதலாவது, இந்தோனேசியாவில் செய்த ஸ்கொயர் கிளாசிக் வைப் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட். ஸ்கொயர் என்பது அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் விலை குறைந்த வரிசை. கடைக்காரர் சொன்ன விலை 48,000. இரண்டாவது, மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் பிளேயர் ஸ்ட்ராட், 88,000. மூன்றாவது, குழு வட்டாரத்தில் ஒருவர் விற்கும் பழைய ‘அமெரிக்கன்’ ஸ்ட்ராட், 95,000. அதற்குப் பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை. குழுவின் கீபோர்டு மாஸ்டர், “ஆசியாவுல செஞ்சதெல்லாம் பொம்மை. வாங்கினா அமெரிக்கன் வாங்கு, இல்லேன்னா வாங்காத” என்று சொல்லிவிட்டாராம். டெக்ஸாஸில் இருக்கும் அத்தை மகன் தீபாவளிக்கு வரும்போது அங்கிருந்து ஒன்று வாங்கி வரவும் தயார்.

அவருடைய கேள்விகள்: எந்த நாட்டில் செய்தது என்பது சத்தத்தில் தெரியுமா? வெளிநாட்டு மரம் நம் ஊர் வெயிலைத் தாங்குமா, அல்லது ஆசியாவில் செய்ததுதான் தாங்குமா? பின்னால் விற்றால் காசு வருமா? கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: “இப்போதைய கிட்டாரில் கிளீன் டோன் மந்தமாக இருக்கிறது. டிஸ்டார்ஷன் பெடல் போட்டால் கொசு கத்துவது போல வருகிறது. ஆம்ப் கிடையாது, மிக்ஸரில் நேரடியாகத்தான் போடுகிறேன்.” மூன்றாவது கிட்டாரின் படங்கள் சிலவற்றையும் அனுப்பியிருக்கிறார்.

வணக்கம். முதலில் அந்தப் படங்களைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் விற்பவர் வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று இருப்பது உண்மைதான். அதற்குப் பக்கத்திலேயே சீரியல் எண் ‘எம்.இசட்.5’ என்று தொடங்குகிறது. ஃபெண்டரின் கணக்கில் முதல் எழுத்து எம் என்றால் மெக்ஸிகோ. இசட் என்பது 2000களைக் குறிக்கும். 5 என்றால் 2005. அதே காலத்து அமெரிக்க ஸ்டாண்டர்ட் வரிசை என்றால் எம் இல்லாமல் வெறும் இசட் என்று தொடங்கும். படத்தில் ஃபிரெட்டுகளை, அதாவது கழுத்தின் (நெக்) குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளை, எண்ணிப் பார்த்தேன்: 21. அமெரிக்க ஸ்டாண்டர்ட் வரிசையில் 1980களின் பிற்பாதியிலிருந்தே 22 ஃபிரெட். கம்பிகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜ் ஆறு திருகுகளில் நிற்கிறது. அமெரிக்க ஸ்டாண்டர்டில் இரண்டு தூண்கள் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் கழுத்தை உடலோடு இறுக்கும் நெக் பிளேட்டிலும், கழுத்தின் சாய்வைத் திருத்துவதற்காக அமெரிக்க வரிசையில் இருக்கும் சின்னத் துளை இல்லை. அமெரிக்காவிலேயே செய்யும் பழைய மாதிரி மறுபதிப்புகளிலும் 21 ஃபிரெட்டும் ஆறு திருகும் உண்டு. ஆனால் அவற்றின் சீரியல் எண் இப்படித் தொடங்காது.

ஆக, இது மெக்ஸிகோவில் செய்த கிட்டார். ஹெட்ஸ்டாக்கின் எழுத்தை யாரோ பிற்பாடு மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். விற்பவர்தான் செய்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர் கைக்கு வரும்போதே அப்படி இருந்திருக்கலாம். கிட்டார் மோசமானதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தக் காலத்து மெக்ஸிகன் ஸ்டாண்டர்டுகள் நன்றாக உழைக்கும். ஆனால் அதே ஆலையிலிருந்து வரும் புதிய கிட்டார் பில்லோடும் வாரண்டியோடும் 88,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடப் பழசுக்கு அதைவிட ஏழாயிரம் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு? ஒட்டிய அந்த எழுத்துக்குத்தான். பிறகு ஏமாந்தோம் என்று தெரிந்தாலும் வழி குறைவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் கைகொடுக்கும். தெரிந்தவர் தன் கையிலிருந்த ஒன்றை விற்றதற்கு நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்க முடியாது. போலீஸ், சிவில் வழக்கு என்று அலைய வேண்டும். தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகாது.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம்.

மாஸ்டர் சொன்னதில் எவ்வளவு உண்மை

உங்கள் மாஸ்டர் சொல்வதைப் பொய் என்று தள்ள மாட்டேன். அவர் இளைஞராக இருந்த காலத்தில் நம் ஊருக்கு வந்துசேர்ந்த மலிவுக் கிட்டார்கள் பல உண்மையிலேயே பொம்மைதான். கழுத்து வளைந்துபோகும், டியூனிங் ஒரு பாட்டுக்குக்கூட நிற்காது. அந்தக் கணக்கை இன்றைக்கும் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வகை ஏளனம் புதிதும் அல்ல. நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருகிறது. 1960களில் அமெரிக்கர்கள் ஜப்பான் கிட்டாரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1965-ல் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் உற்பத்தியைக் கூட்டக் கூட்டத் தரம் இறங்கியது. எழுபதுகளின் ஸ்ட்ராட்டுகளில் நெக் உட்காரும் குழியில் இடைவெளி விட்டிருப்பதையும், மூன்றே திருகில் நிற்கும் நெக் பக்கவாட்டில் நகர்வதையும் இன்றைக்கும் பழுதுபார்ப்பவர்கள் பார்க்கிறார்கள். எல்லாம் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’தான். அதே நேரத்தில் ஜப்பானியர்கள் பழைய ஃபெண்டர்களையும், இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்ஸனின் கிட்டார்களையும் பிரித்து அளந்து, அசலைவிடச் சுத்தமாக நகல் செய்துகொண்டிருந்தார்கள். 1977-ல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக கிப்ஸன் தரப்பு, ஐபனெஸ் என்ற ஜப்பானியக் கிட்டார் பிராண்டின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது வழக்கே போட்டது. பொம்மை செய்பவன் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை.

நகல்களை எதிர்கொள்ள ஃபெண்டர் 1982-ல் ஜப்பானிலேயே ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரில் ஃபுஜிஜென் ஆலை செய்து கொடுத்தது. ஸ்கொயர் வரிசை வெளிவந்தது அப்போதுதான். 1985-ல் சி.பி.எஸ்.ஸிடமிருந்து ஃபெண்டர் பெயரை அதன் மேலாளர்கள் வாங்கியபோது ஃபெண்டரின் பழைய ஃபுல்லர்டன் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிஃபோர்னியாவின் கொரோனாவில் புதிய ஆலை கால் ஊன்றும்வரை ஃபெண்டர் பெயரைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் ஜப்பான் கிட்டார்களே. ஆரம்பகால ஜப்பானிய ஸ்கொயர்களை இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

பிறகு ஏளனம் கொரியாவுக்குப் போனது. கொரியாவில் கூலி ஏறியதும் ஆர்டர்கள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தன, ஏளனமும் கூடவே போனது. இப்போது கொரியக் கிட்டார் என்றால் “அடடா, நல்ல காலத்துச் சரக்கு” என்கிறார்கள். இந்த நகர்வுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கோர்ட் (Cort) என்ற கிட்டார் நிறுவனம் 2007-ல் கொரிய ஆலைத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உற்பத்தியை வெளிநாட்டு ஆலைகளுக்குக் கொண்டுபோனது. அந்தத் தொழிலாளர்களின் போராட்டம் 2019 வரை இழுத்தது. கூலி மலிவாக இருக்கும் இடத்தை நோக்கித்தான் வேலை போகிறது. மலிவான கூலி என்றால் மட்டமான கை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இடையில் ஒரு சின்னத் தகவல்: 1980களின் கடைசியில் ‘ஸ்கொயர் டூ’ என்ற மலிவு வரிசையின் சில கிட்டார்கள் இந்தியாவிலும் செய்யப்பட்டன. அவற்றைப் பார்த்தும் யாரோ சிரித்திருப்பார்கள்.

விலை வித்தியாசத்தில் என்ன வாங்குகிறீர்கள்

இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கும் கோர்ட் ஆலையிலும், மெக்ஸிகோவின் என்செனாடாவில் இருக்கும் ஃபெண்டர் ஆலையிலும், கொரோனாவிலும் உடலையும் கழுத்தையும் வெட்டுவது கணினி ஓட்டும் இயந்திரங்கள்தான். இயந்திரத்துக்கு ஊர் தெரியாது. கொடுத்த அளவுக்கு வெட்டும். என்செனாடாவும் கொரோனாவும் எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் முன்னூறு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் வந்த ‘கலிஃபோர்னியா சீரிஸ்’ கிட்டார்களின் வேலையை இரண்டு ஆலைகளும் பங்கு போட்டுச் செய்தன. அதை எந்த நாட்டுக் கிட்டார் என்று சொல்வது?

வித்தியாசம் இயந்திரம் நின்ற பிறகு ஆரம்பிக்கிறது. ஃபிரெட்டின் முனைகளை எத்தனை தடவை அரத்தால் தேய்த்தார்கள், நட்டின் (ஹெட்ஸ்டாக் முனையில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) ஆறு பள்ளங்களையும் கம்பிக்குத் தக்க ஆழத்துக்கு இறக்கினார்களா, விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் ஓரத்தை உருட்டினார்களா, சரியில்லாததை ஒதுக்கி வைத்தார்களா? இதெல்லாம் மனிதர் கையால் செய்ய வேண்டிய வேலை, நேரம் பிடிக்கும். ஒரு கிட்டாருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்வது ஆலை அல்ல, விலையை நிர்ணயித்த நிறுவனம். ஐபனெஸ் தன் ‘பிரீமியம்’ வரிசையை இந்தோனேசியாவிலேயே செய்கிறது. அந்த ஃபிரெட் வேலையில் குறை சொல்வது கஷ்டம். அதே நாட்டிலிருந்து வரும் அடிமட்ட விலைக் கிட்டார் கையைக் கீறும். நாடு ஒன்று, கொடுத்த நிமிடம் வேறு.

பாகங்களும் அப்படித்தான். விலை குறைந்த கிட்டாரில் நட் பிளாஸ்டிக்காக இருக்கும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்கள் கட்டைவிரல் நகத்தளவுச் சின்ன வகையாக இருக்கும். சுரத்தை ஆட்டும் கைப்பிடி வைத்த பிரிட்ஜான ட்ரெமலோவின் அடிக்கட்டை இரும்பாக இல்லாமல் துத்தநாக வார்ப்பாக இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்துக்குப் பதில் செராமிக் இருக்கும். செராமிக் என்றால் மட்டம் என்றில்லை, சத்தத்தின் குணம் வேறு, அவ்வளவே. நீங்கள் பார்த்த கிளாசிக் வைப்பில் அல்னிகோ பிக்கப்தான் வருகிறது.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம்: ஆலை கொடுக்காமல் விட்ட அந்த நிமிடங்களைக் கோவையிலேயே வாங்கலாம். ஃபிரெட் சமன் செய்து, முனைகளை உருட்டி, எலும்பு நட் போட்டு, முழு செட்டப் செய்ய ஊருக்கும் கைக்கும் ஏற்ப சில ஆயிரம் ரூபாய் ஆகும். 48,000 கிட்டாருக்கும் 88,000 கிட்டாருக்கும் நடுவில் இருக்கும் நாற்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. மெக்ஸிகன் கிட்டாரில் மேலும் நல்ல பாகங்கள் வரும், ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் என்று இருக்கும். அதற்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேடைக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டு பாட்டுக் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மரம், வெயில், நம் ஊர்

ஆசிய மரம் நம் வெயிலைத் தாங்கும், அமெரிக்க மரம் தாங்காது என்பது பலர் நம்பும் விஷயம். மரத்துக்கு எந்த மண் என்பதைவிட எவ்வளவு உலர்ந்தது என்பதுதான் முக்கியம். நல்ல ஆலை எந்த நாட்டில் இருந்தாலும் மரத்தைச் சூளையில் உலர்த்தி, ஈரப்பதம் ஆறு முதல் எட்டு சதவீதத்துக்கு வந்த பிறகுதான் வெட்டும். அதன் பிறகு அது இருக்கும் அறையின் ஈரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஊதும், கொஞ்சம் சுருங்கும். கோவையில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும். அப்போது ஃபிங்கர்போர்டு சுருங்கி ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டும், விரல் வைத்தால் குத்தும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழையும் வந்ததும் நெக்கின் வளைவு மாறும், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டியிருக்கும். ஏசி அறையில் சுவரில் மாட்டி வைத்தால் எந்த நாட்டுக் கிட்டாரும் படும் பாடு ஒன்றுதான். உறையில் போட்டு வையுங்கள்.

‘அமெரிக்க மரம்’ என்பதும் பாதி உண்மைதான். மேப்பிளும் ஆல்டரும் வட அமெரிக்காவிலிருந்து வருபவை. ஆனால் அமெரிக்கக் கிட்டாரின் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு பல நேரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2011-ல் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் ஆலைகளில் சோதனை போட்டு எடுத்துப்போனவற்றில் இந்தியாவிலிருந்து போன ஃபிங்கர்போர்டு மரமும் இருந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் வகைகள் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உடனே ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களுக்குத் தென் அமெரிக்காவின் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2024-ல் வந்த பிளேயர் டூ வரிசையில் ரோஸ்வுட் திரும்பிவிட்டது. நீங்கள் பார்க்கும் மெக்ஸிகன் கிட்டார் புதிய வரிசையா, கடையில் தங்கிப்போன பழைய பிளேயரா என்று கேளுங்கள். பழையதென்றால் விலை குறைக்கச் சொல்ல உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கிளாசிக் வைப்பில் கறுத்த ஃபிங்கர்போர்டு இருந்தால் அது பெரும்பாலும் இந்தியன் லாரல், அதாவது நம் கருமருது.

நாடு முக்கியமாகும் இடங்கள்

நாட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில், திரும்ப விற்கும்போது. வாங்குகிறவர் காதில் கேட்டு வாங்குவதில்லை, உங்கள் மாஸ்டரைப் போல ஹெட்ஸ்டாக்கைப் படித்துத்தான் வாங்குகிறார். அமெரிக்க, ஜப்பான் கிட்டார்களுக்கு விலை நிற்கும், மெக்ஸிகனுக்கும் ஓரளவு நிற்கும், ஸ்கொயருக்குச் சரியும். ஆனால் சரிவைச் சதவீதத்தில் பார்க்காமல் ரூபாயில் பாருங்கள்: கொடுத்ததே குறைவு என்றால் இழப்பதும் குறைவு. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால்தான் இந்தக் கணக்கு முக்கியம். கல்லூரிக் கிட்டாரை இன்னும் வைத்திருப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை.

அடுத்தது, பாகம் மாற்றும்போது. அமெரிக்க வரிசை அங்குலக் கணக்கு, ஆசிய வரிசை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. அமெரிக்கப் பெரிய பாட் வாங்கி ஆசியக் கிட்டாரில் பொருத்த வந்தால் துளை பத்தாது. பிக்கார்டின் (முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) துளையை ரீமரால் அகலப்படுத்த வேண்டும். பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் உள்ள தூரம் பழைய அளவில் 56 மில்லிமீட்டர், அமெரிக்க ஸ்டாண்டர்டில் 52.5. மாற்றி வாங்கினால் வெளிக்கம்பி ஃபிரெட்டின் விளிம்பிலிருந்து வழுக்கி விழும். ஸ்கொயரிலேயே விலை குறைந்த அஃபினிட்டி வரிசையின் உடல் தடிமன் குறைவு. முழு அளவு ட்ரெமலோ கட்டை பின்பக்கம் வெளியே துருத்தும். ஆன்லைனில் எதையும் ஆர்டர் போடுமுன் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், சொன்ன நாடும் வந்த நாடும் ஒன்றா என்று பார்க்க. ஒரே மாடல் பெயர் ஆலை மாறும். கிளாசிக் வைப் முதலில் சீனாவில் செய்யப்பட்டது, 2019 வரிசையிலிருந்து இந்தோனேசியா. எது நல்லது என்று இங்கே சண்டை போட வேண்டாம். காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்தியச் சட்டப்படி இறக்குமதியான பொருளின் பெட்டியில் தயாரித்த நாடு, இறக்குமதியாளர் பெயர் முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஆன்லைன் கடைகளும் தயாரித்த நாட்டைப் பக்கத்தில் காட்ட வேண்டும். பெட்டி ஸ்டிக்கர் இல்லாமல் “புது பீஸ் சார்” என்று ஒருவர் கொடுத்தால் வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதற்கு மாறாக வந்து, மாற்றித் தரவும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கொசுச் சத்தம்

இதைத்தான் முதலிலேயே எழுத நினைத்தேன், அட்வான்ஸ் விஷயம் குறுக்கே வந்துவிட்டது. கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த மூன்று வரிதான் என் கண்ணில் பட்ட பெரிய பிரச்சினை. மூன்று கிட்டாரில் எதை வாங்கினாலும், ஏன், நிஜமான அமெரிக்கனையே வாங்கினாலும் அந்தக் கொசு உங்களைவிட்டுப் போகாது.

கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சன்னமானது. அதை வாங்கும் கருவியின் மின்தடை ஒரு மெகா ஓம் அளவில் இருக்க வேண்டும். கிட்டார் ஆம்பில் அப்படித்தான் இருக்கும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் அது பல மடங்கு குறைவு. பிக்கப்பின் மேல்சுரங்களை மிக்ஸர் அமுக்கிவிடுகிறது. கிளீன் டோன் மந்தமாக இருப்பதன் காரணம் இது. அடுத்தது, கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றைத் தானாகவே வடிகட்டிவிடும். ஓவர்டிரைவும் டிஸ்டார்ஷனும் காதுக்கு இதமாக இருப்பது அந்த வடிகட்டலால்தான். மண்டபத்தின் பி.ஏ. ஸ்பீக்கரோ ட்வீட்டர் வைத்து எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போட்டால் கொசுதான் வரும்.

தீர்வு, ஆம்பும் ஸ்பீக்கர் கேபினெட்டும் செய்யும் வேலையைப் பாவனை செய்யும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் புராசஸர். கேபினெட் சிமுலேஷன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் மேடைக்குத் தாராளமாகப் போதும் என்கிற மாதிரி வருகின்றன. கிட்டாரிலிருந்து அதற்கு, அதிலிருந்து மிக்ஸருக்கு.

இன்னொன்று. நீங்கள் வாசிப்பது கல்யாண மண்டபத்தில். சீரியல் லைட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படியே வாங்கும், எந்த நாட்டில் செய்திருந்தாலும். ஸ்விட்ச்சில் இரண்டாவது, நான்காவது இடங்களில் இரண்டு பிக்கப் சேர்ந்து அந்த இரைச்சலை ரத்து செய்வதுபோலத்தான் இப்போதைய ஸ்ட்ராட்டுகளைச் சுற்றுகிறார்கள். கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் லீடுக்கு நீங்கள் போகப்போவது பிரிட்ஜ் பிக்கப்புக்கு. அங்கே இரண்டு சுருள் சேர்ந்து இரைச்சலை ரத்து செய்யும் ஹம்பக்கர் இருந்தால் நிம்மதி. அதனால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள் என்பேன்: யமஹா பசிஃபிகா 112 வி. இதுவும் இந்தோனேசியாதான். ஆல்டர் உடல், அல்னிகோ பிக்கப், பிரிட்ஜில் ஹம்பக்கர். டோன் குமிழை இழுத்தால் சிங்கிள் காயிலாகவும் மாறும். விலையும் கிளாசிக் வைப்பைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்ட்ராட்டின் அழகு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் வேறு விஷயம். ஆசைப்பட்ட கிட்டாரைத்தான் எடுத்து வாசிக்கத் தோன்றும், அதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

கிளாசிக் வைப் அல்லது பசிஃபிகா, ஒரு புராசஸர், முழு செட்டப், நல்ல கனமான உறை. தொண்ணூறாயிரத்தில் மிச்சமே வரும். ஏற்கெனவே புராசஸர் இருந்திருந்தால் மெக்ஸிகன் பிளேயரை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இன்றைய நிலையில் அது முழுப் பணத்தையும் விழுங்கிவிட்டு உங்களைத் திரும்ப அதே மிக்ஸர் முன்னால் நிறுத்தும்.

கடைக்குப் போகும்போது ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆம்பில் போடாமலே முதலில் வாசியுங்கள். நெக்கின் இரண்டு ஓரமும் உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டுங்கள். குத்தினால் அடுத்ததை எடுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது எட்டாவது ஃபிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. பிறகு 12-க்கு மேல் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் முதல் கம்பியை ஒரு முழு சுரம் வளைத்துப் பாருங்கள். சத்தம் எங்காவது செத்தால் அந்த ஃபிரெட் மேடுபள்ளமாக இருக்கிறது. டியூன் செய்யும்போது ஹெட்ஸ்டாக் பக்கம் ‘டிங்’ என்று கேட்டால் நட் கம்பியைப் பிடிக்கிறது. அது செட்டப்பில் போய்விடும். திருகிய கழுத்து மட்டும் எந்த செட்டப்பிலும் போகாது. உடல்முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரண்டு விளிம்பையும் நோக்குங்கள். இரண்டும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். இதில் தேறுகிற 48,000 கிட்டாரை, தேறாத 88,000 கிட்டாருக்காக விட்டுவிடாதீர்கள்.

டெக்ஸாஸ் விஷயம்: அங்கே போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன்மேல் மாநில, உள்ளூர் விற்பனை வரி சேர்ந்து எட்டேகால் சதவீதம்வரை ஏறும். இங்கே இறங்கும்போது வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் சுங்கம் கட்ட வேண்டும். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டு டீலர் வழியாகத்தான். எல்லாவற்றையும்விட, நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத ஒரு கிட்டாருக்கு முழுப்பணமும் போய்விடும். ஆம்போ அடாப்டர் வைத்த வேறு பொருளோ வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட். அதற்கு மட்டுமே செய்ததை இங்கே நேரடியாகச் செருகினால் புகைதான் வரும். அவர் ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால் ஸ்ட்ரிங் செட் ஒரு பத்து வாங்கிவரச் சொல்லுங்கள், 10-46 தடிமன் அளவு.